மஸ்கட்டில் கப்பல் நிற்கும் ஒரு பகல்: மத்ராவா, பெரிய மசூதியா, நிஸ்வாவா?

துபாயிலிருந்தும் தோஹாவிலிருந்தும் கிளம்பும் குளிர்காலச் சொகுசுக் கப்பல்களில் பல, ஒரு பகல் ஓமானின் தலைநகரான மஸ்கட்டில் நிற்கும். பயண அட்டவணையில் 'காலை 8 – மாலை 6' என்று இருந்தால் பத்து மணி நேரம் கையில் இருப்பதாகத் தோன்றும். அவ்வளவு இராது. கப்பலைக் கட்டிய பிறகு துறைமுக அதிகாரிகள் அனுமதி கொடுத்தால்தான் இறங்க முடியும். அதில் அரை மணியாவது போய்விடும். கப்பல் கிளம்புவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே எல்லோரும் ஏறியாக வேண்டும். துறைமுகத்துக்குள் நடக்க அனுமதி கிடையாது. கப்பலடியிலிருந்து வாசல்வரை இலவச ஷட்டில் பஸ்தான். ஐந்து நிமிடப் பயணம் என்றாலும், திரும்பும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து வரிசை கட்டுவார்கள். ஆக, உருப்படியாகக் கிடைப்பது ஏழரை மணி நேரம்.

அந்த ஏழரை மணி நேரத்தில் என்னென்ன பார்க்கலாம் என்று பட்டியல் போடுவதைவிட, இறங்கும் நேரமும் கிழமையும் என்ன என்று பார்ப்பதுதான் முக்கியம். மஸ்கட்டில் எல்லா இடமும் எல்லா நேரமும் திறந்திருக்காது. சுல்தான் காபூஸ் பெரிய மசூதியில் முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சனி முதல் வியாழன்வரை, காலை 8 முதல் 11 மணிவரைதான் அனுமதி, வெள்ளிக்கிழமை கிடையாது. துறைமுகத்தை ஒட்டிய மத்ரா பகுதியில் உள்ள பழைய கடைத்தெருவான சூக்கில் மதியம் ஒரு மணி சுமாருக்குக் கடைகளை இழுத்து மூடினால் மறுபடி திறக்க நான்கு, நாலரை ஆகிவிடும். பெரிய கப்பல் வந்திருக்கும் நாளில் கடற்கரைப் பக்கத்துக் கடைகள் சில மதியமும் திறந்திருக்கும், உள்சந்துகள் திறந்திருக்காது. வெள்ளிக்கிழமை காலை சூக் தூங்கி வழியும், மாலையில்தான் களைகட்டும். தேசிய அருங்காட்சியகம் காலை 10 மணிக்குத் திறக்கும், வெள்ளியன்று மதியத்துக்கு மேல்தான். அரசு வார விடுமுறை வெள்ளியும் சனியும்.

இதோடு ரமலானையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2026இல் பிப்ரவரி நடுவிலும் 2027இல் பிப்ரவரி இரண்டாம் வாரத்திலும் தொடங்குகிறது. அதாவது கப்பல் சீசனின் உச்சத்தில். அந்த மாதத்தில் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவதும் தண்ணீர் குடிப்பதும் சட்டப்படி தவறு. ஹோட்டல்கள் மூடியிருக்கும், சூக் உயிர் பெறுவது இரவில். கப்பலிலேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவது நல்லது.

இன்னொரு சின்ன விஷயம், கடிகாரம். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் நேரம் ஒன்றுதான். தோஹா ஒரு மணி நேரம் பின்னால். தோஹாவிலிருந்து வரும் கப்பல் வழியில் நேரத்தை மாற்றலாம், மாற்றாமல் தன் நேரத்திலேயே ஓடவும் செய்யலாம். கரையில் செல்போன் தானாக உள்ளூர் நேரத்துக்கு மாறிவிடும். ஏற வேண்டிய நேரம் எந்தக் கடிகாரப்படி என்பதை இறங்கும் முன்னே கேட்டுக்கொள்ளுங்கள்.

கால்நடையாக மத்ரா

கப்பல் நிற்கும் சுல்தான் காபூஸ் துறைமுகம் ஊருக்கு வெளியே எங்கோ இல்லை. மத்ராவின் மடியிலேயே இருக்கிறது. 1974 முதல் சரக்குத் துறைமுகமாக இருந்தது. 2014இல் சரக்கு வேலையெல்லாம் சோஹார் துறைமுகத்துக்குப் போய்விட, இப்போது பயணிகள் கப்பல்களுக்கு என்றாகிவிட்டது. அரச குடும்பத்தின் உல்லாசப் படகு 'அல் சயீத்' பெரும்பாலும் இங்கேதான் நிற்கும். 155 மீட்டர் நீளம், படகு என்று சொல்லத்தான் கூச்சமாக இருக்கும். பழைய நகரின் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடும் துறைமுகங்கள் வளைகுடாவில் அதிகமில்லை. அதனாலேயே மத்ராவைக் குறைத்து எடைபோட்டுவிட்டு டாக்சி பிடிப்பவர்கள் அதிகம்.

துறைமுக வாசலைத் தாண்டியதும் மீன் சந்தை. 2017இல் திறந்த புதுக் கட்டடம். அலை அலையாகக் குழாய்களைப் பரப்பியதுபோன்ற கூரையை நார்வே நாட்டுக் கட்டடக்கலை நிறுவனமான ஸ்னோஹெட்டா வடிவமைத்தது. சூரை, வஞ்சிரம், வெளமீன் என்று நமக்குத் தெரிந்த முகங்கள்தான். சுறுசுறுப்பைப் பார்க்க வேண்டும் என்றால் ஒன்பது மணிக்குள் போய்விட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கழுவிவிட்ட தரைதான் மிச்சம்.

அங்கிருந்து கார்னிஷ் எனப்படும் கடலோரச் சாலையில் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சூக்கின் முகப்பு. வழியில் வலப்பக்கம் நீல மினார் கொண்ட மசூதி. அதை ஒட்டி, மதிலும் வாசலுமாக இருப்பது சூர் அல் லவாத்தியா: சிந்துப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய லவாத்தியா சமூகத்தின் குடியிருப்பு. வாசல் திறந்துதான் இருக்கும், ஆனால் அது சுற்றுலா இடம் இல்லை. வெளியிலிருந்து மர பால்கனிகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சூக்கின் முதல் நூறு மீட்டரை வைத்து அதை எடைபோடக் கூடாது. அங்கே தொங்கும் பஷ்மினா சால்வையும் ஒட்டக பொம்மையும் காந்த ஒட்டியும் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தவை; சென்னையில் அதைவிட மலிவு. உள்ளே போகப்போக, முதுகெலும்புபோல் ஓடும் நடுச்சந்திலிருந்து பக்கங்களில் பிரியும் சந்துகளில்தான் ஊர்க்காரர்கள் வாங்கும் கடைகள்: தங்கம், வெள்ளி, துணி, வாசனைத் தைலம், மளிகை. நடுச்சந்து உண்மையில் ஒரு காட்டாற்றுப் பாதை. மலையில் மழை பெய்தால் தண்ணீர் சூக் வழியாகத்தான் கடலுக்கு ஓடும். மழை அறிவிப்பு உள்ள நாளில் அங்கே போகாமல் இருப்பது உத்தமம். வழி தவறினால் பயப்பட ஒன்றுமில்லை. தரை சரியும் திசையில் நடந்தால் கடல் வந்துவிடும்.

வாங்க வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் லுபான், நம்மூரில் குந்திரிக்கம் என்று சொல்லும் பிசின். தெற்கு ஓமானின் தோஃபார் பகுதி மரங்களிலிருந்து வருவது. உயர்ந்த ரகம் ஹோஜாரி: வெளிர் பச்சையோ வெண்மையோ ஓடிய, ஒளி ஊடுருவும் பெரிய கட்டிகள். பழுப்பும் சிவப்பும் கலந்த, தூளும் பட்டையும் சேர்ந்த பொட்டலம் தினசரிப் புகைக்கான ரகம். கெட்டது என்றில்லை, விலைதான் அதற்கேற்ப இருக்க வேண்டும். பாக்கெட்டில் அடைத்ததை எடுக்காமல் திறந்த சாக்கிலிருந்து உள்ளங்கையில் போட்டுப் பாருங்கள். ஒரு கட்டியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளே மங்கலான கண்ணாடிபோல் தெரிய வேண்டும், மரத்தூள் தெரியக் கூடாது. கடைக்காரரிடமே கனல்மேல் போடச் சொல்லுங்கள். நல்லதில் எலுமிச்சைச் சாயல் முதலில் வரும். 'ஹோஜாரி' என்ற பெயருக்கு மட்டும் காசு கொடுக்காமல் கிராம் கணக்கில் விலை கேட்டு, இரண்டு மூன்று கடை பார்த்து வாங்குங்கள். புகைக்கும் மண்சட்டியை எடுத்துவரலாம். கூடவே தள்ளிவிடப் பார்க்கும், தீக்குச்சி வைத்ததும் பற்றும் கரி வில்லைகளை வாங்காதீர்கள்: கப்பல் அறையில் எதையும் கொளுத்தக் கூடாது, விமானத்திலும் அவற்றை ஏற்ற மாட்டார்கள்.

வெள்ளிக் கடைகளில் மரியா தெரசா என்ற ஆஸ்திரிய அரசியின் உருவம் பொறித்த நாணயம் கோத்த மாலைகளைக் காட்டி, '1780 போட்டிருக்கிறது பாருங்கள்' என்பார்கள். அந்த நாணயத்தை எந்த ஆண்டில் அச்சடித்தாலும் 1780 என்றுதான் போடுவார்கள். அண்மைக் காலம்வரை அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே ஆண்டைப் பார்த்து விலை கொடுக்காமல் எடையைப் பார்த்துக் கொடுங்கள். ஓமானியர் அணியும் கும்மா தொப்பியில் கை வேலைக்கும் மெஷின் வேலைக்கும் விலை பல மடங்கு வித்தியாசம். உட்புறம் திருப்பிப் பாருங்கள். கை வேலையில் ஒவ்வொரு துளையின் விளிம்பும் தனித்தனியாகத் தைத்திருக்கும். மெஷின் வேலையில் பின்னால் நூல் ஒரு துளையிலிருந்து அடுத்ததற்குத் தாவி ஓடும். கஞ்சர் எனும் வளைகத்தி வாங்கினால் கப்பல் ஏறும்போது பாதுகாப்புச் சோதனையில் வாங்கி வைத்துக்கொண்டு பயணத்தின் கடைசி நாளில்தான் திருப்பித் தருவார்கள். ரசீதைத் தொலைக்காதீர்கள்.

அல்வா? தாராளமாக. முதலூர் மஸ்கோத் அல்வாபோல் தேங்காய்ப்பால் இதில் இல்லை. சர்க்கரை, நெய், மாவுச்சத்து, குங்குமப்பூ, ஏலக்காய், பன்னீர். கடையில் கேட்டால் கொஞ்சம் ருசிபார்க்கத் தருவார்கள்.

நடக்கத் தெம்பிருந்தால் கார்னிஷில் தொடர்ந்து மத்ரா கோட்டையும் ரியாம் பூங்காவும். கோட்டை போர்ச்சுகீசியர் 1580களில் கட்டியது. படி ஏறினால் துறைமுகம் முழுவதும், உங்கள் கப்பலும், ஒரே பார்வையில். ரியாமில் பெரிய சாம்பிராணிச் சட்டி வடிவக் கோபுரம் நிற்கும். துறைமுக வாசலிலிருந்து அதுவரை இரண்டு கிலோமீட்டருக்கு மேல், நிழலே கிடையாது. ஜனவரியில் சுகம், ஏப்ரல் மதியத்தில் தண்டனை.

மலையேறப் பழகியவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ரியாம் பூங்காவுக்குப் பின்னால் தொடங்கும் சி38 என்ற பாதை பாறை முகட்டில் ஏறி, மத்ராவின் பின்பக்கக் குடியிருப்புக்குள் இறங்கும். இரண்டரை கிலோமீட்டர்தான், ஆனால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும், கல்லும் சரளையும். வழி நெடுகப் பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புப் பட்டைகள் வரைந்திருக்கும், அதைப் பிடித்துப் போக வேண்டும். ரியாமுக்கு டாக்சியில் போய் அங்கிருந்து மத்ராவுக்கு நடப்பதே சரி, ஏனென்றால் முடியும் இடம் சூக்குக்குப் பக்கம். செருப்போடு போகாதீர்கள், ஆளுக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் எடுங்கள். மழைக்குப் பிந்தைய நாளில் விட்டுவிடுங்கள்.

பழைய மஸ்கட்

மத்ராவும் பழைய மஸ்கட்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். துறைமுகத்திலிருந்து பழைய மஸ்கட் சுமார் ஐந்து கிலோமீட்டர், டாக்சியில் பத்து நிமிடம். சுவருக்குள் அடங்கிய சிற்றூர் அது. 1970வரை இருட்டி மூன்று மணி நேரத்தில் வாசல் கதவுகளைச் சாத்திவிடுவார்கள், அதன் பிறகு தெருவில் நடப்பவர் கையில் விளக்கு வேண்டும். இப்போது பெரும்பாலும் அரசுக் கட்டடங்களும் புல்வெளியும். 1972இல் கட்டிய அல் ஆலம் அரண்மனையின் நீலமும் தங்கமுமான தூண்களை வாசலிலிருந்து படமெடுக்கலாம், உள்ளே அனுமதி இல்லை. இருபுறமும் ஜலாலி, மிரானி கோட்டைகள். இவையும் போர்ச்சுகீசியர் வேலைதான். 1507இல் போர்ச்சுகீசியத் தளபதி அல்புகர்க் இந்த ஊரைக் கொளுத்திப் பிடித்தார். 1650இல் போர்ச்சுகீசியரை இமாம் சுல்தான் பின் சைஃப் துரத்தினார்.

அரண்மனையின் பின்புறம் விரிகுடாவை ஒட்டிய பாறைகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இங்கே நங்கூரமிட்ட கப்பல்களின் மாலுமிகள் தங்கள் கப்பல் பெயரை வெள்ளைச் சாயத்தால் எழுதிவைத்துப் போயிருக்கிறார்கள். கப்பலில் வந்தவர்கள் பார்க்க வேண்டிய இடம் இதைவிட வேறென்ன? சுற்றுலா பஸ்ஸில் வருபவர்களுக்கு வழிகாட்டிகள் இதைக் காட்டுவது அபூர்வம்.

அரண்மனைக்கு எதிரே, 2016இல் திறந்த தேசிய அருங்காட்சியகம். பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் தாங்கும். ஏசி இருக்கிறது, கழிப்பறை சுத்தம், மதிய வெயிலைத் தள்ளிவிட இதுதான் இடம். சூக் மூடியிருக்கும் 1 முதல் 4 வரையிலான ஓட்டையை இதை வைத்து அடைக்கலாம். பக்கத்திலேயே மோதீஷ்வர் என்னும் சிவன் கோயில். குஜராத், கச்சு வணிகர்களால் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் வழிபாடு. மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மசூதி

துறைமுகத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் அரை மணி. ஞாயிறு முதல் வியாழன்வரை காலை அலுவலக நேரத்தில் கூடுதலாகும். 2001 மே மாதம் திறந்தது. மூன்று லட்சம் டன் இந்திய மணற்கல், நடுக்கூடத்தில் 14 மீட்டர் உயர சரவிளக்கு, காலடியில் ஒரே துண்டாக விரித்த கம்பளம்: 60 மீட்டருக்கு 70 மீட்டர், 21 டன், 170 கோடி முடிச்சுகள், ஈரானில் 600 பெண்கள் நான்கு ஆண்டுகள் நெய்தது. அதன்மேல் நேரடியாக நடக்க விட மாட்டார்கள், பார்வையாளருக்குத் தனிப் பாதை விரித்திருக்கும்.

இங்கே பயணம் கெட்டுப்போவது இரண்டு காரணங்களால். ஒன்று நேரம். கப்பலிலிருந்து இறங்க ஒன்பதரை ஆகிவிட்டால் மசூதிக்குப் பத்தேகாலுக்குத்தான் போய்ச் சேர முடியும்; 11 மணிக்கு மூடும் என்றால் அதற்கு முன்பிருந்தே நுழைவை நிறுத்திவிடுவார்கள். கப்பல் 10 மணிக்கு மேல் வந்து சேருவதாக அட்டவணையில் இருந்தால் மசூதியைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். டாக்சிக்காரர் 'போகலாம், போகலாம்' என்பார்; வெளியில் நின்று படமெடுத்துவிட்டுத் திரும்புவீர்கள்.

இரண்டாவது உடை. ஆண்களுக்கு முழுக்கால்சட்டை, தோள் மூடிய சட்டை. பெண்களுக்கு மணிக்கட்டுவரை, கணுக்கால்வரை மறைக்கும் தளர்வான உடை. தலைமுடி வெளியே தெரியக் கூடாது. புடவையில் போனால் இடுப்பு தெரியும் என்று நிறுத்துவார்கள். முழுக்கை சுடிதாரும் பெரிய பருத்தித் துப்பட்டாவும் போதும். மெல்லிய ஷிஃபான் வழுக்கி விழும், உள்ளே தெரியும். காவலர் திருப்பி அனுப்புவதற்கு அதுவே காரணமாகும். வாசலில் அங்கி வாடகைக்குக் கிடைக்கும், ஆனால் இரண்டு கப்பல் நிற்கும் நாளில் அந்த வரிசையே உங்கள் நேரத்தைத் தின்றுவிடும். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பிரதான தொழுகைக் கூடத்துக்குள் விட மாட்டார்கள். குழந்தையோடு போகும் தம்பதி ஒருவர் மாற்றி ஒருவர் உள்ளே போவதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். காலணியைக் கழற்ற வேண்டும். பளிங்குத் தரை, காலுறை இருந்தால் நல்லது.

மத்ராவா மசூதியா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்ற நிலையில் எங்கள் ஓட்டு மத்ராவுக்கு. மசூதி பிரம்மாண்டம், ஆனால் வயது இருபத்தைந்துதான். அரபுத் துறைமுக நகரம் ஒன்று எப்படி இருந்தது என்று பார்க்க வந்தவருக்கு அதில் விடை இல்லை. காலை எட்டரைக்குள் இறங்கிவிட்டால் இரண்டையும் பார்த்துவிடலாம் என்பது வேறு கதை.

நிஸ்வா, கடல், பள்ளம்

நிஸ்வா பழைய தலைநகரம். பதினேழாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரைத் துரத்திய அதே இமாம் கட்டிய வட்டக் கோபுரக் கோட்டை, நல்ல சூக். மத்ராவிலிருந்து 160 கிலோமீட்டருக்கு மேல், போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம், வர அதே இரண்டு. கோட்டைக்கும் சூக்குக்கும் இரண்டரை மணி நேரம் கொடுத்தால் மொத்தம் ஆறரை. கணக்கு இடிக்கவில்லை, ஆனால் தப்புவதற்கு இடமும் இல்லை. டயர் பஞ்சர் ஒன்று போதும். புகழ்பெற்ற வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை விடியலில் தொடங்கி ஒன்பது மணிக்குள் அடங்கிவிடும். எட்டு மணிக்குக் கட்டும் கப்பலிலிருந்து அதைப் பிடிக்க வழியே இல்லை. 'வெள்ளிக்கிழமை நிஸ்வா' என்று யாராவது சந்தையைச் சொல்லி விற்றால் நேரத்தைக் கேளுங்கள். நிஸ்வாவுக்குப் போவதானால் கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் மட்டும் போங்கள். அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். நீங்கள் தனியாக எடுத்த காருக்குக் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் பறந்து போய்ப் பிடிக்க வேண்டியதுதான்.

பிம்மா பள்ளம் எனப்படும் நீலப்பச்சைக் குளம் சூர் நகருக்குப் போகும் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர். சுண்ணாம்புப் பாறை கரைந்து கூரை இடிந்து விழுந்ததில் உண்டான பள்ளம். விண்கல் விழுந்ததாகக் கதை. படி இறங்கிக் குளிக்கலாம். போக ஒன்றரை மணி நேரம், நகர நெரிசலைத் தவிர்த்துவிடும் பாதை. நிஸ்வாவைவிடப் பாதுகாப்பான கணக்கு, ஆனால் பார்ப்பது ஒரு குளம்தான். அதோடு வாதி ஷாப்பையும் சேர்ப்பதாகச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். படகில் கடந்து, முக்கால் மணி நேரம் நடந்து, பிறகு நீந்த வேண்டிய இடம் அது. ஒரு முழு நாள் வேண்டும்.

டால்ஃபின் பார்க்கும் படகுகள் பந்தர் அல் ரவ்தா படகுத்துறையிலிருந்து காலையில் கிளம்பும், இரண்டு மணி நேரம். ஏற்கெனவே கடலில்தானே இருக்கிறோம் என்று தோன்றினால் தோன்றட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

வண்டி, பணம், தாள்கள்

ஓமான் ரியால் டாலரோடு கட்டப்பட்டது: ஒரு ரியால் 2.60 டாலர். ஒரு ரியாலுக்கு 1000 பைசா. எண் சிறியதாக இருப்பதால் ஏமாற்றும். '20' என்று டாக்சிக்காரர் சொன்னால் அது 52 டாலர். அவர் சொல்வது டாலரா ரியாலா, ஆளுக்கா வண்டிக்கா, ஒரு வழியா போய்வரவா, காத்திருக்கும் நேரம் சேர்த்தா என்ற நான்கையும் ஏறும் முன் பேசி முடித்து, செல்போனில் எண்ணை எழுதிக் காட்டிவிடுங்கள். சண்டை வருவதெல்லாம் இந்த நான்கில் ஒன்று விட்டுப்போனதால்தான். ஆள் மோசம் என்பதால் அல்ல.

வாசலில் நிற்கும் வெள்ளை, ஆரஞ்சு டாக்சிகள் கப்பல் நாள் விலையைத்தான் சொல்வார்கள். 'ஓடாக்சி' (OTaxi) என்ற டாக்சி செயலியில் கூப்பிட்டால் விலை முன்கூட்டியே தெரியும். ஆனால் செயலி வண்டி துறைமுகத்துக்குள் வராது, வாசலைத் தாண்டி மீன் சந்தைப் பக்கம் நின்று கூப்பிட வேண்டும். செயலியை முன்பே இறக்கி, உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபியைப் போட்டுப் பதிவை முடித்துவிடுங்கள். கரையில் ரோமிங் இல்லாமல் அது வந்து சேராது. மசூதிக்குப் போக செயலி சிக்கனம். மசூதி, வழியில் அரச ஓபரா மாளிகை, பழைய மஸ்கட் என்று சுற்ற நான்கு பேர் இருந்தால் ஒரு டாக்சியை அரை நாளுக்குப் பேசுவது மேல். தலைக்குப் பார்த்தால் கப்பல் சுற்றுலாவில் பாதிகூட வராது. தனியாக வந்தவருக்கும் முதியவர்களுக்கும் கப்பல் பஸ் நியாயமே. அதன் குறை, நாற்பது பேரில் ஒருவர் அரைக்கால்சட்டையில் வந்தால் நாற்பது பேரும் மசூதி வாசலில் நிற்க வேண்டும். மலிவான வழி முவாஸலாத் நகர பஸ்: மத்ராவிலிருந்து ரூவி என்ற கடைவீதிப் பகுதிக்கு ஏறினால் இட்லி, தோசைக்குக் குறைவில்லை. நேரம் குறைவானவர்களுக்கு அது உதவாது.

தாள்கள் விஷயத்தில் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்கள் அசட்டையாக இருக்கக் கூடாது. கப்பல் பயணிகளுக்கான ஓமான் விசா விதி உங்கள் பாஸ்போர்ட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று கப்பல் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட அதிகம் பேர் மாட்டுவது அமீரக விசாவில்: துபாயில் ஏறி, மஸ்கட் போய், துபாயிலேயே இறங்கினால் நீங்கள் நாட்டைவிட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா துபாய் விமான நிலையத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். பலமுறை நுழைவு விசா இல்லாவிட்டால் புறப்படும் இடத்திலேயே கப்பலில் ஏற்ற மாட்டார்கள்.

எந்த நேரத்துக்கு எது

சனி முதல் வியாழனுக்குள், எட்டரைக்குள் கால் தரையில் பட்டால்: நேரே மசூதி, பத்தே முக்காலுக்கு வெளியே, பதினொன்றரைக்கு மத்ரா, ஒரு மணிவரை சூக், சாப்பாடு, மதியம் தேசிய அருங்காட்சியகமும் பாறைப் பெயர்களும், நான்கு மணிக்குக் கப்பல். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் மசூதியும் போய் சூக்கும் போய்விடும்.

பத்து மணிக்கு இறங்கினால் மசூதியை மறந்துவிட்டு, வெயில் ஏறும் முன் மத்ராவை முடித்து, மதியம் பழைய மஸ்கட். மதியம் வந்து இரவு கிளம்பும் கப்பல் என்றால் அதிர்ஷ்டம் உங்கள் பக்கம்: முதலில் அருங்காட்சியகம், நாலரைக்கு மேல் சூக். விளக்கு போட்டபின் உள்ளூர்க் குடும்பங்கள் வாங்க வரும் நேரம் அது, விலை பேசவும் கடைக்காரருக்குப் பொறுமை இருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை வரும் கப்பல்தான் சங்கடம். மசூதி இல்லை, காலையில் சூக் இல்லை, அருங்காட்சியகமும் மதியத்துக்கு மேல்தான். அன்றைக்கு மீன் சந்தை, பிறகு சி38 நடை அல்லது டால்ஃபின் படகு. நடக்க முடியாதவர்களுக்குப் பிம்மா பள்ளம். கப்பல் மாலை ஏழுக்கு மேல் கிளம்புகிறது என்றால் மட்டும் ஐந்து மணிக்கு லுபான் வாங்க ஒரு முக்கால் மணி நேரம் மிஞ்சும். அதற்கு முன்னதாகக் கிளம்பினால், துறைமுக வாசலிலிருந்து சூக் முகப்புக்குள் திறந்திருக்கும் ஒன்றிரண்டு கடைகளில் கிடைக்கும் விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.